சூலியா தெருவில் தேடிய பாலாடை



"டீச்சரம்மா, கரண்டி மேல் உங்களுக்கு அப்படி என்ன மோகம்?" என்று கேட்காதவர்கள் எங்கள் தோட்டத்தில் மிகக் குறைவு. என் அலமாரியில் 19 வெள்ளிக் கரண்டிகளும் 6 முள்கரண்டிகளும் இருக்கின்றன. எல்லாமே கைக்குழந்தைக்குச் சோறூட்டும் சின்னஞ்சிறு கரண்டிகள். ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் இது வேண்டாத வேலைதான் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் கரண்டிகளை நான் தேடிப் போகவில்லை. தேடிப் போனது ஒரு பாலாடையை. அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

பாலாடையை உங்கள் பாட்டிமார் அறிவார்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம், ஒரு பக்கம் மூக்குப் போல நீண்டிருக்கும். சிலர் சங்கு என்பார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி, அதில் ஊற்றி, குழந்தையின் உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவது நம் வழக்கம். எங்கள் வீட்டுப் பாலாடை 1930களில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தது. என் பாட்டியின் தாயார் அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாராம். அதன் ஓரத்தில் புள்ளி புள்ளியாக 'மு' என்று வெட்டியிருக்கும். அது பாட்டியின் பெயரின் முதல் எழுத்து.

விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்விட்டுப் பால்மரம் வெட்டப் போன பெண்களின் பிள்ளைகளெல்லாம் ஆயாக் கொட்டகையில் கிடந்து வளர்ந்தவை. அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சீனி கலந்த டின்பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். அது குழந்தைகளைக் கொல்கிறது என்று சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939-இல் சிங்கப்பூரில் வெளிப்படையாகப் பேசினார். 'பாலும் கொலையும்' என்பதே அந்தப் பேச்சின் தலைப்பு. என் பாட்டிக்கு அந்த அம்மையாரைத் தெரியாது. ஆனால் தன் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு, "இதை மட்டும் பாலாடையில் குடு" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டுத்தான் மலைக்குப் போவாராம். அம்மாவும் அதில் குடித்தார். நானும் என் தம்பியும் அதில் குடித்தோம்.

1999-இல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் புறப்படுவதற்கு முந்திய வாரம், அம்மா பட்டர்வொர்த்துக்குப் பஸ் ஏறி, பெரியில் பினாங்கு போய் வந்தார். எனக்கு ஒரு பெட்டியும், இரண்டு சேலையும், கையில் கொஞ்சம் பணமும் வந்தன. வீட்டில் பாலாடையும் என் அரைஞாணும் இல்லை. "சூலியா தெருவுல அடகு வச்சிருக்கேன். போனஸ் வந்ததும் மீட்டுடலாம்" என்றார். இரண்டு வருடம் கழித்துப் பாட்டி காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் நான் பாலாடையைப் பற்றிக் கேட்டேன். "தவணை தவறி மூழ்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். எந்தக் கடை என்று கேட்டதற்கு, மறந்துவிட்டது என்றார்.

எனக்கு ஆறவில்லை. மூழ்கிப்போன பொருள் எங்காவது பழஞ்சாமான் கடைக்குத்தானே வந்து சேரும் என்று கணக்குப் போட்டேன். வேலை கிடைத்த நாள் முதல் பள்ளி விடுமுறை வந்தால் சூலியா தெருவில்தான் நிற்பேன்.

அந்தத் தெருவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு அன்று வழங்கிய பெயர். 1786-இல் வெள்ளைக்காரர் பினாங்கில் கால் வைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நம்மவர்கள் அங்கே கடை விரித்துவிட்டார்கள். கிங் தெரு முனையில் நாகூர் தர்கா, கொஞ்சம் தள்ளி 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே தெருவில் சீனர் கோயிலும் உண்டு. நகைக்கடை, அடகுக்கடை, பயணிகள் விடுதி என்று நடக்க நடக்க முடியாது. இரவானால் மீக்கடைகளின் புகை எழும்பும். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னம் ஆனதும் கடைகளின் முகம் மாறியது. பழஞ்சாமானுக்கு மதிப்பும் ஏறியது.

அங்கேதான் ஒரு கடையின் தகர டப்பாவில் என் முதல் கரண்டியைக் கண்டேன். காம்பு வளைந்து வளையமாக இருந்தது, குழந்தை தன் முழுக்கையால் பிடிப்பதற்காக. இங்கிலாந்தில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு ஞானப்பெற்றோர் இத்தகைய கரண்டியைப் பரிசளிப்பது வழக்கம். நம் தாய்மாமன் கொலுசும் அரைஞாணும் போடுகிறாரே, அதைப் போலத்தான். வாயில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன் என்று அவர்கள் பணக்காரனைச் சொல்வதும் உண்டு. எந்தத் துரை வீட்டுக் குழந்தை கடித்ததோ, ஓரத்தில் பல் தடம் இருந்தது. விட்டுவர மனமில்லை. அன்று தொடங்கியது இந்தப் பழக்கம்.

வாங்க வாங்கக் கொஞ்சம் விவரமும் சேர்ந்தது. உங்களுக்கும் பயன்படலாம். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிக மென்மையானது. கரண்டியாக அடித்தால் வளைந்துவிடும். ஆங்கில வெள்ளியின் காம்புக்குப் பின்னால் நடக்கும் சிங்கம் ஒன்று பொடியாகப் பதிந்திருக்கும். அதுதான் தரத்துக்குச் சாட்சி. பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது; நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். ஓர் ஆங்கில எழுத்து அது சோதிக்கப்பட்ட ஆண்டைக் காட்டும். இ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து இருந்தாலோ, அது வெள்ளி முலாம் மட்டுமே. ஏமாந்துவிடாதீர்கள்.

நானும் ஒரு தவறு செய்தேன். கரண்டிகளைக் கட்டுக்கட்டாக ரப்பர் வளையம் போட்டு வைத்தேன். ஆறு மாதத்தில் வளையம் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு! ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ரப்பர் மரத்தில் பிழைத்த குடும்பத்தில் பிறந்தும் அது எனக்குத் தெரியவில்லை, பாருங்கள். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா போட்டு, வெந்நீர் ஊற்றி, கரண்டி அந்தத் தாளைத் தொடும்படி சிறிது நேரம் வைத்தால் கறுப்பு பெருமளவு போய்விடும்.

கரண்டி சேர்ந்துகொண்டே போனது. பாலாடை மட்டும் கிடைக்கவில்லை. 2008-இல் எனக்கு மகள் பிறந்தபோது, பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னிலையில், "ஒரு பாலாடைகூட இல்லாமப் பண்ணிட்டியேம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பத்தியக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது சரி என்றே அன்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில்தான் எனக்குப் புத்தி வந்தது. பழஞ்சாமான் கடைகளையே சுற்றினோமே, ஓர் அடகுக்கடையிலாவது கேட்டோமா என்று நினைத்து, அங்கே ஒரு பழைய அடகுக்கடையில் நுழைந்தேன். கம்பிக்குப் பின்னால் இருந்த சீனப் பெரியவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தங்கமும் கைக்கடிகாரமும்தான் எடுப்போம், வெள்ளியை எடுப்பதில்லை, என் அப்பா காலத்திலும் எடுத்ததில்லை என்று மலாயில் சொன்னார். பக்கத்துக் கடையிலும் அதே பதில்தான்.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு வயது 74. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"அடகு வைக்கல தாயி. வித்துட்டேன். நகைக்கடையில நிறுத்துப் பாத்து எண்பது வெள்ளி குடுத்தாங்க. என் கண் முன்னாலயே நசுக்கி, உருக்குறதுக்குன்னு ஒரு டப்பாவுல போட்டாங்க."

"ஏம்மா சொல்லல?"

"வித்துட்டேன்னு சொன்னா ஆத்தா மனசு ஒடிஞ்சிருக்கும். அடகுன்னா திரும்பி வரும்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க. ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றது? ஒன் படிப்புக்காகப் போச்சுன்னு தெரிஞ்சா நீ நிம்மதியாப் படிச்சிருப்பியா?"

வாசகர்களே, இந்த நாட்டில் ரிங்கிட்டையும் நாம் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். பழைய நாணயம் வெள்ளியில் அடித்திருந்ததால் வந்த பேச்சு அது. அம்மா வெள்ளியைக் கொடுத்து வெள்ளி வாங்கினார். அந்த வெள்ளிதான் என்னை டீச்சர் ஆக்கியது. இருபது ஆண்டுக்கு மேலாக நான் தெருத்தெருவாய்த் தேடிய பாலாடை, நான் கல்லூரிக்குக் கொண்டுபோன பெட்டியாகவும் கட்டிக்கொண்டு போன சேலையாகவும் என்னோடேயே இருந்திருக்கிறது. அது தெரியாமல் பெற்றவளை நாலு பேர் நடுவில் குத்திக் காட்டினேன். அன்றிரவு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சரி விடு, வயசான காலத்துல எனக்கு எதுக்கு இந்த அழுகை" என்று தலையைத் தடவினார்.

இந்த ஆண்டு தம்பிக்குக் குறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மார்பில் உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. புட்டி வேண்டாம், தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சிறு கிண்ணத்தால் ஊட்டுங்கள் என்று மருத்துவமனைத் தாதி சொல்லிக்கொடுத்தார். நான் பினாங்குக்குப் போய் ஒரு புதிய வெள்ளிப் பாலாடை வாங்கினேன். மூன்று பழைய கரண்டிகளை விற்ற காசில்தான் வாங்கினேன். கடைக்காரரிடம் சொல்லி ஓரத்தில் 'மு' என்று புள்ளி வைத்து வெட்டச் செய்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அது கொஞ்சம் கோணலா இருக்கும்" என்றார். பிறகு பாலாடையைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, பேரனுக்குப் பாலூட்ட உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு கொலுசோ, குத்துவிளக்கோ, அண்டாவோ காணாமல் போயிருக்கலாம். அது எங்கே போனது என்று அம்மாவிடம் கோபமில்லாமல் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.