முதலாம் இடம்

மனிதனுக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதில் ஓர் ஆசை. வகுப்பில் முதல் மாணவன் யார், தேர்களுள் உயர்ந்தது எந்தக் கோயிலுடையது, மாம்பழத்திற் சிறந்தது கறுத்தக்கொழும்பானா அம்பலவியா என்று வாதிடாமல் நம்மவர்களால் இருக்க முடிவதில்லை. இவ்வாதங்களுக்கு முடிவு காண்பது எவருடைய நோக்கமுமன்று. முடிவு கண்டுவிட்டால் மறுநாள் பேசுவதற்குப் பொருளின்றிப் போய்விடுமல்லவா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை மணி அடித்து வெகுநேரமாகியும் என் மாணவர் சிலர் வகுப்பை விட்டு வெளியேறவில்லை. மேசையொன்றைச் சுற்றி நின்று பெருங்குரலில் வாதாடிக்கொண்டிருந்தனர். ஏதோ பாடத்திலே சந்தேகம் போலும் என்ற மகிழ்ச்சியோடு அருகிற் சென்றேன். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இளையராஜாவின் சிறந்த பத்துப் பாடல்கள் என்று ஒரு தாளும், ஏ. ஆர். ரகுமானின் சிறந்த பத்து என்று மற்றொரு தாளும் மேசையிற் கிடந்தன. "சேர், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று இரு கட்சியாரும் என்னைச் சூழ்ந்துகொண்டனர். கண்டிக்க வாயெடுத்தவன், "திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று கூறி நழுவிவிட்டேன். அத்தாள்களைக் கண்டதும் வேறொரு தாள் என் நினைவுக்கு வந்துவிட்டதே அதற்குக் காரணம்.

என் தந்தையார் 1961ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது வாலிபர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, வெள்ளவத்தையிலே கடற்கரைப் பக்கமாக உள்ள ஓர் ஒழுங்கையில் அறையெடுத்துத் தங்கியிருந்தார். கந்தோரில் அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவர் கொட்டாஞ்சேனைவாசி. புனித லூசியாள் தேவாலயத்து மணியோசை கேட்கும் தூரத்திலே பிறந்து வளர்ந்தவர். தந்தையார் திருநீறு பூசாமல் வெளியே இறங்கமாட்டார். நண்பர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடமாட்டார். இருவரையும் இணைத்தவை இரண்டே: ஒன்று, பங்கிட்டு உண்ட மதிய உணவு, மற்றது, விசுவநாதன் - இராமமூர்த்தி இரட்டையரின் சங்கீதம். அந்தக் கொட்டாஞ்சேனை நண்பரைப் பிள்ளைப் பிராயம் முதல் நாங்கள் 'மாமா' என்றே அழைத்து வருகிறோம்.

அக்காலத்து இளைஞருக்குப் பாடல்களை வரிசைப்படுத்தும் இப்பித்து எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தால், அதன் ஊற்றுகளுள் ஒன்று நமது கொழும்பிலேயே இருந்தமை விளங்கும். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றை அடக்கினார். அங்கே மறிக்கப்பட்ட வெள்ளம் இங்கே பாய்ந்தது. 1950இல் ஆரம்பமாகியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, கடல் கடந்து கோடிக்கணக்கான காதுகளைத் தன்பால் ஈர்த்தது. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து அனுப்ப, கொழும்பிலிருந்து ஒலிபரப்பான 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் கொண்டு பாடல்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டிற்று. 1961இல் 'பாவமன்னிப்பு'ப் படம் வெளிவந்த காலத்தில் ஏ. வி. எம். நிறுவனத்தாரும் இவ்வழியைக் கைக்கொண்டனர். படத்தின் பாடல்களை இலங்கை வானொலி ஒலிபரப்ப, அவற்றைச் சரியாக வரிசைப்படுத்துவோருக்கு 10,000 ரூபாய் பரிசு என அறிவிக்கப்பட்டது.

பரிசுக்கு எழுதிப்போடும் எண்ணம் நம் நண்பர் இருவருக்கும் இருக்கவில்லை. தமக்குள்ளேயே போட்டி வைத்துக்கொண்டனர். பந்தயம் ஒரு பிளேன்ரீ. ஜெமினி கணேசனுக்காகப் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய பாட்டுக்கே முதலிடம் என்றார் தந்தையார். சிவாஜி கணேசன் சைக்கிளில் வந்தபடி பாடுவதாகச் சௌந்தரராஜன் பாடியதற்கே முதலிடம் என்றார் மாமா. அந்தப் பிளேன்ரீக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு கதையும் கொட்டாஞ்சேனையில் வேறொரு கதையும் வழங்குகின்றன.

விளையாட்டாய்த் தொடங்கிய வாதம் நாளடைவில் ஒரு கொப்பியாக வளர்ந்தது. இரட்டையரின் சிறந்த பத்துப் பாடல்களை அதிலே எழுதுவது, ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு மறுநாள் திருத்துவது என்று வகுத்துக்கொண்டனர். 1952இல் வந்த 'பணம்' முதல் 1965இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' வரையிலான படங்கள் மாத்திரமே எல்லை.

இவ்வெல்லைக்குக் காரணம் உண்டு. இராமமூர்த்தி திருச்சிராப்பள்ளியிற் பிறந்த வயலின் வித்துவான்; விசுவநாதன் பாலக்காட்டுப் பக்கத்தவர், ஆர்மோனியத்திற் கைதேர்ந்தவர். இருவரும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் பணியாற்றியவர்கள். 1952இல் அவர் காலமாகவே, அவர் விட்டுச்சென்ற வேலைகளை முடித்துக்கொடுத்து, இணைந்தே தொழிலில் இறங்கினர். 1963இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் பெற்றனர். 1965இல் பிரிந்தனர். எந்த மெட்டிலே எவருடைய பங்கு எவ்வளவு என்று இரசிகர்கள் அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆங்கில நாட்டுப் பீட்டில்ஸ் குழு 1970இல் பிரிந்த பின்னர், அதன் இரசிகர்களும் லெனனா மக்கார்ட்னியா என்று இவ்வாறே பிணங்கினர். மாமா இவ்வழக்கில் இராமமூர்த்தியின் வயலினுக்காகப் பரிந்து பேசுவார். தந்தையார் மட்டும், "பிட்டையும் தேங்காய்ப்பூவையும் அவித்த பிறகு பிரிக்கலாமா, மச்சான்?" என்று கேட்டு அப்பேச்சை முடித்துவிடுவார். முப்பது ஆண்டுகளின் பின், 1995இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்திற்காக இருவரும் மீண்டும் சேர்ந்தபோதும் அவர் எல்லையைத் தளர்த்தவில்லை.

மூன்றாம் இடம் முதல் பத்தாம் இடம் வரை பெரிய சச்சரவு இருந்ததில்லை. 'கர்ணன்' படத்தின் இறுதியிலே சீர்காழி கோவிந்தராஜன் சக்கரவாகத்திற் பாடியது, 'புதிய பறவை'யில் சௌந்தரராஜன் பாடியது, முன்னே சொன்ன 'பாவமன்னிப்பு'ப் பாடல்கள் ஆகியன ஆண்டுக்காண்டு ஏறியும் இறங்கியும் வந்தன. போர் முழுவதும் முதலிடத்திற்கே.

தந்தையாரின் முதற்பாட்டு, 'பாசமலர்' (1961) படத்திலே அண்ணனும் தங்கையும் தம் குழந்தைகளுக்குப் பாடும் தாலாட்டு. மாமாவின் முதற்பாட்டு, 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்திலே, தனக்குப் பின் மறுமணம் செய்துகொள் என்று சொன்ன நோயாளிக் கணவனிடம் மனைவி பாடுவது. இரண்டையும் எழுதியவர் கண்ணதாசன். இரண்டிலும் சுசீலாவின் குரல் உண்டு. வேறுபாடு நுட்பமானது, ஆகவேதான் சண்டையும் கடுமையானது. "படத்தை மற, கண்ணீரைத் துடை, பிறகு மெட்டை மட்டும் கேள். சுசீலா ஒரு வரி கேட்கிறார், சித்தார் மறுமொழி சொல்கிறது. அதற்கு ஈடு ஏது?" என்பார் மாமா. "வாத்தியங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பாடிப் பார். அப்போதும் நிற்பதுதான் பாட்டு" என்பார் தந்தையார். கேள்வியின் உட்பொருள் சிறிதன்று. பாட்டை அதன் அமைப்பைக் கொண்டு எடைபோடுவதா, அது நம் வாழ்விலே புகுந்த வழியைக் கொண்டு எடைபோடுவதா? கவிதையை வைத்துக்கொண்டு என் வகுப்பிலே நான் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வியும் இதுவே.

1983 ஜூலையில் எங்கள் வீடு எரிந்தது. அப்போது எனக்கு வயது நான்கு. இசைத்தட்டுகளும் அந்தக் கொப்பியும் வீட்டோடு போயின. நாங்கள் அகதிகள் முகாம் ஒன்றிலே, ஒரு மண்டபத்தின் மூலையில் இருந்தோம். மேல்வருபவை அம்மா சொல்லி நான் அறிந்தவை. ஊரடங்குச் சட்டம் தளர்த்தப்பட்ட ஒரு பகலில் மாமா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு இறாத்தல் பாணும், தந்தையாருக்கென ஒரு சட்டையும் இருந்தன. முகாமுக்கு வந்த நாள் முதல் தந்தையார் எவருடனும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தார். மாமா அவருக்கு அருகில் அமர்ந்து, வெகுநேரங் கழித்து, "கொப்பி?" என்று கேட்டார். "எரிந்துவிட்டது" என்றார் தந்தையார். பாண் சுற்றியிருந்த தாளை விரித்து, பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒன்று முதல் பத்து வரை எண்களை மாமா இட்டார். பத்தாம் இடத்திலிருந்து மேல் நோக்கி எழுதிக்கொண்டு போனார். பக்கத்துப் பாயிலிருந்த ஒருவர், "காதலிக்க நேரமில்லையில் ஒன்றாவது வேண்டாமா?" என்று கேட்டார். இன்னும் இருவர் நெருங்கி வந்தனர். மூன்றாம் இடம் வந்தது. முதலிடத்துக்கு மாமா தம்முடைய பாட்டை எழுதப் போனபோது, தந்தையார் அவர் கையைப் பற்றித் தடுத்து, மண்டபம் முழுவதும் கேட்கத்தக்கதாக, "அது மட்டும் நடவாது!" என்றாராம்.

"அன்றைக்குத்தான் உன் அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்தார்" என்று அம்மா சொல்வார்.

அத்தாள் இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. மூன்று முதல் பத்து வரை மாமாவின் எழுத்து. ஒன்றுக்கும் இரண்டுக்கும் எதிரே எதுவுமில்லை.

சில மாதங்களில் வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தோம். பொங்கலுக்கு மறுநாட் கூட்டமும் தொடர்ந்தது. இளைஞனான பின் நான் அதைப் பார்த்து எள்ளியதுண்டு. இளையராஜாவின் பாட்டுகளில் மூழ்கியிருந்த எனக்கு, இரண்டு முதியவர்கள் பழைய பாட்டுகளை ஏற்றி இறக்குவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. 2013 ஏப்ரலில் இராமமூர்த்தி காலமானார். 2015 ஜூலையில் விசுவநாதனும் மறைந்தார். அடுத்த ஆண்டு தந்தையாரும் போய்விட்டார்.

மாணவரிடமிருந்து தப்பி வந்த அந்த வார ஞாயிறன்று, புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமா மகள் வீட்டிலே சாய்வு நாற்காலியில் இருந்தார். எண்பது கடந்த உடம்பு; பார்வை மங்கிவிட்டது. நான் கொண்டுபோன தாளைத் தடவிப் பார்த்தார். அவரைக் காண எனக்கு இரக்கம் மேலிட்டது. முதியவரின் மனம் குளிரட்டுமே என்று, எந்த ஆசிரியனும் சொல்லத்தகாத ஒன்றைச் சொன்னேன்:

"மாமா, கடைசிக் காலத்தில் அப்பா உங்கள் பாட்டுத்தான் முதல் என்று ஒத்துக்கொண்டார்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொய் சொல்லாதே, தம்பி. உன் அப்பா அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்."

நான் தலை குனிந்தேன். அவர் விடவில்லை. "அவன் என்ன சொல்வான் என்று நான் சொல்கிறேன், கேள். தாலாட்டுக்கு மெட்டமைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பான். பாடகன் பாடினால் மட்டும் போதாது, குரல் இல்லாத தகப்பனும் பாடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பான். அன்றைக்கு முகாமில், நான் தாளை மடித்து அவன் கையிற் கொடுத்த பிறகு, நீ பசியிலோ பயத்திலோ அழத் தொடங்கினாய். உன் அப்பா உன்னை மடியிற் போட்டுக்கொண்டு அதைத்தான் பாடினான். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. நீ தூங்கிவிட்டாய். தூங்கின பின் என்னைத் திரும்பிப் பார்த்து, 'இப்போது என்ன சொல்கிறாய்?' என்று கேட்டான். அதற்கு இன்றைக்கும் என்னிடம் மறுமொழி இல்லை."

இதனை அம்மாவும் எனக்குச் சொன்னதில்லை. பேச வாயெழாமல் இருந்தேன். மாமா தாளை மடித்து என் கையிலே வைத்தார்.

"ஆனாலும் முதலிடம் அதற்கில்லை" என்றார்.

திங்கட்கிழமை மாணவர்கள் காத்திருந்தனர். இரண்டு தாள்களையும் வாங்கி, கட்சி மாற்றிக் கொடுத்தேன். "உங்கள் எதிர்க்கட்சியார் தம் முதற்பாட்டுக்காக என்னென்ன சொல்வார்களோ, அவற்றையெல்லாம் அவர்கள் மனம் ஒப்பும்படி நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு தீர்ப்பு" என்றேன். முதலிற் சிரித்தார்கள். பிறகு, ஒருவன் தடுமாறித் தடுமாறித் தொடங்கினான். மற்றவன், "அப்படியில்லை, நான் சொன்னது வேறு" என்று திருத்தினான். இடைவேளை முடிந்து மணி அடித்தது.

"சேர், தீர்ப்பு?" என்றார்கள்.

"அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தேன்.