காரணப்பெயர்

பெயர்ச்சொல்லை இடுகுறி, காரணம் என வகுத்தது நன்னூல். அப்பாகுபாடு கணினிக்கும் ஏற்றதென்பதை எம் மாணவர் எழுதிய செய்நிரல் ஒன்று எமக்குணர்த்திற்று.

அது பாடவேளை தோறும் மணியொலிக்கச் செய்வது. பாடவேளையின் அளவை ஒருவன் ‘நேரம்’ என்றும், மற்றொருவன் ‘காலம்’ என்றும் குறித்திருந்தனர். கண்டியும் மகாநுவரவும் ஓரூரே என நாமறிவோம். கணினியோ இரு பெயரை இரு பொருளாகவே கொள்ளும். ஒன்றைத் திருத்த, மற்றது பழையபடி நின்றது, மணி பிழைத்தது.

“நாற்பது நிமிடந்தானே, ‘நாற்பது’ என்றே பெயரிடுவோம்” என்றான் ஒருவன். அளவு பெயராகாது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை நேரம், 1996 மே மாதத்தில் ஆறரையாயிற்று, ஒக்டோபரில் ஆறாயிற்று, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. கணினிகளின் நேரவலயப் பட்டியலிலோ ‘ஆசியா/கொழும்பு’ என்ற பெயர் அன்றும் இன்றும் ஒன்றே. எண் மாறினும் பெயர் பொய்க்கவில்லை.

ஈற்றில் மாணவர் ‘பாடவேளை நிமிடம்’ எனும் ஒரு பெயரையே எங்கும் வைத்தனர். பொருளும் அலகும் அதில் விளங்கின. கல்லூரியை விட்டுச் செல்வோர், பின்வருவோர்க்குத் தெளிந்த பெயர்களை விட்டுச் செல்வதும் ஓர் ஈகையே.