இரும்புக்கும் ஒரு பாலாலயம்

 

ஆயுத பூசை நெருங்குது. உபயக்காரர் பட்டியல், பூசை நேரம் எல்லாம் செயலாளர் தனியா போடுவார். நான் இன்னைக்கு எழுதப்போறது வேற விஷயம். ரயில் இஞ்சினைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம இளைஞர் குழுவுல ஒரு தம்பி இருக்கான். லீவு கிடைச்சா கேமராவைத் தூக்கிக்கிட்டு புலாவ் செபாங் ஸ்டேஷனுக்குப் போயிடுவான். ஈடிஎஸ், கொம்யூட்டர் எல்லாம் அவனுக்குக் கணக்கே இல்ல. சரக்கு ரயில் எப்ப வரும், எந்த நம்பர் இஞ்சின் இழுத்துக்கிட்டு வரும், அதான் வேணும். அவன்கூட மலாய்க்காரப் பிள்ளைங்க, சீனப் பிள்ளைங்களும் நிப்பாங்க. பழைய இஞ்சின் ஒன்னை வேலையிலிருந்து நிறுத்திட்டாங்கன்னு சேதி வந்தா, எழவு வீடு மாதிரி வாட்ஸ்அப்ல பேசிக்குவாங்க. "பழைய இரும்புக்கு இம்புட்டு ஒப்பாரியா?"ன்னு நம்ம ஆளுங்க சிலர் கேலி பண்றாங்க. எனக்குக் கேலியா தெரியல. காரணத்தைச் சொல்றேன்.

எங்கப்பா ரயில்வேயில கேங் வேலை பார்த்தவர். கட்டையை மாத்துறது, தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியை அடிச்சு இறுக்குறது, அதான் வேலை. ராத்திரி படுத்துக்கிட்டே, போற வண்டி எந்த இஞ்சின்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவார். 1957-ல இங்கிலாந்துல இருந்து வர ஆரம்பிச்ச இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டீசல் இஞ்சினுக்கு ஒரு சத்தம், 1983-ல வந்த ஹிட்டாச்சிக்கு ஒரு சத்தம். புகை வண்டிக் காலம் முடிஞ்சு டீசல் வந்தது அப்படித்தான். இப்ப அந்த டீசலுக்கும் வயசாயிடுச்சு.

1990-களில் கேடிஎம் இந்தியாவிலிருந்து சில இஞ்சின்களை வாடகைக்கு எடுத்துச்சு. ஒய்டிஎம்4-ன்னு பேரு. ஒய்-ன்னா மீட்டர் பாதை, டி-ன்னா டீசல், எம்-ன்னா சரக்கு, பயணிகள் ரெண்டையும் இழுக்கும்னு அர்த்தம். அமெரிக்காவுல ஆல்கோ கம்பெனி வரைஞ்ச இஞ்சின் இது. 1961-ல இந்தியாவுக்கு வந்துச்சு. அப்புறம் 1968-லிருந்து காசியில, அதாவது வாரணாசி தொழிற்சாலையிலேயே செஞ்சாங்க. சுமார் 1,400 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர், எடை 72 டன். நம்ம மலாயா தண்டவாளமும் தென்னிந்தியாவோட பழைய தண்டவாளமும் ஒரே அகலம், ஒரு மீட்டர். அதனாலதான் அங்க ஓடுனது இங்க வந்தும் ஓடுச்சு.

எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி ஒப்பந்தத்துல வந்தவர். அந்த இஞ்சினும் கடல் தாண்டி ஒப்பந்தத்துலதான் வந்துச்சு, பாரம் இழுக்க. அப்பா அதைப் பார்த்துட்டு, "இதுவும் நம்ம மாதிரிதான்டா, கூப்பிட்டாங்க வந்துடுச்சு"ன்னார்.

உங்கள்ல பலர் இதே இஞ்சினைப் பார்த்திருப்பீங்க, தெரியாமலே. 2007-ல பாம்பன் பாலம் அகலப் பாதையா மாறுறதுக்கு முன்னால ராமேஸ்வரம் தரிசனத்துக்கு ரயில்ல போனவங்க, அநேகமா இது இழுத்த பெட்டியிலதான் உட்கார்ந்திருப்பீங்க. தமிழ்நாட்டுல மீட்டர் பாதையை எல்லாம் அகலப் பாதையா மாத்தினதும் இதுக்கு ஓட இடமில்லாம போச்சு. குன்னூரிலிருந்து ஊட்டி ஏறுற மலை ரயில்ல மட்டும் வேலை மிச்சம் இருந்துச்சு.

ரயில் பிரியர்களுக்கு இது மேல தனிப் பாசம். வேகம் கூட்டுனதும் குபுகுபுன்னு கரும்புகை தள்ளும். அது ஏன்னு தம்பி கேட்டான். டர்போ சுத்தி வேகம் எடுக்க கொஞ்சம் நேரம் ஆகும். எண்ணெய் முந்திக்கும், காத்து பிந்திக்கும். காத்து பத்தாத எண்ணெய் சரியா எரியாம கரியா வெளிய வரும். குறைதான் அது. ஆனா அந்தக் குறையைத்தான் அவங்க காணொளி எடுத்து வச்சுப் பார்க்கிறாங்க. மனுசனும் அப்படித்தானே? செத்துப்போன பெரியவரை நினைக்கும்போது அவர் இருமல்தான் முதல்ல காதுல கேக்குது.

பழசை ஓட்டிக்கிட்டே இருக்கணும்னு நான் சொல்ல வரல. முப்பது வருசமா ஃபேக்டரியில மெஷின்களோட இருக்கிறவன் நான். பழைய மெஷினுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது. ரெண்டு மெஷின் நின்னா ஒன்னைக் கழட்டித்தான் இன்னொன்னை ஓட்டுவோம். ஒருநாள் கழட்டவும் ஒன்னும் இருக்காது. இஞ்சினும் அப்படித்தான். 2003-க்குப் பிறகு வந்த புளூ டைகர் இஞ்சினுக்கு 3,300 குதிரைத்திறன். அந்த ஒன்னு நிக்கிற இடத்துல பழசு ரெண்டு வேணும். நடுவழியில பழசு நின்னுட்டா பின்னால வர்ற எல்லா வண்டியும் நிக்கும். நிறுத்துறது நியாயம்தான். எப்படி நிறுத்துறோம்ங்கிறதுதான் என் கேள்வி.

நம்ம கோயில் வழக்கத்தை நினைச்சுப் பாருங்க. திருப்பணி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நேரா உளியைத் தூக்கிக்கிட்டு சன்னதிக்குள்ள போறோமா? இல்லையே. முதல்ல பாலாலயம் செய்றோம். கலாகர்ஷணம்னு, மூலவரோட சக்தியைக் கும்பத்துக்கு வாங்கி, படத்துலயோ அத்திப் பலகையிலயோ இறக்கி வைக்கிறோம். அதுக்கு அப்புறம்தான் கல்லைத் தொடுவோம். பழசைப் பிரிக்கிறது பாவம் இல்ல. உள்ளே இருந்ததை வாங்கி வைக்காம பிரிச்சாத்தான் பாவம்.

அந்தப் பிள்ளைங்க பிளாட்பாரக் கடைசியில வெயில்ல நின்னு செய்றது எனக்கு அப்படித்தான் படுது. நம்பரை நோட்டுல எழுதுறாங்க. சத்தத்தைப் பதிவு பண்றாங்க. எந்த வருசம் வந்துச்சு, எங்க ஓடுச்சு, என்னைக்கு நின்னுச்சு, எல்லாம் எழுதி வைக்கிறாங்க. கேஸ் வச்சு வெட்டி எடைக்குப் போடுறதுக்கு முன்னால, இருக்கிறதை வாங்கி வச்சுக்கிறாங்க. இதுல கேலி பண்ண என்ன இருக்கு?

கேலிக்குப் பதிலா நாம கத்துக்கணும். ஏன்னா ஒரு கணக்கு என் மனசைக் குடையுது.

தம்பின்லேருந்து மலாக்கா டவுனுக்கு 1905-ல ஒரு ரயில் பாதை வந்துச்சு. இன்னைக்கு அது கிடையாது. ஜப்பான்காரன் வந்து தண்டவாளத்தைப் பேர்த்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போயிட்டான். தண்டவாளம் மட்டுமா போச்சு? தோட்டத்து லயங்கள்ல இருந்து நம்ம சனம் பல்லாயிரம் பேரு போனாங்க. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல முடிஞ்சுது. காஞ்சனாபுரியில போர்க்கைதி சிப்பாய்களுக்குப் பேர் வெட்டின கல்லறை வரிசை வரிசையா இருக்கு. காட்டுல விழுந்த நம்ம ஆளுங்க பெரும்பாலானவங்களுக்குக் கல்லும் இல்ல, பேரும் இல்ல.

அந்தப் பாதையில ஓடுன ஜப்பான் புகை இஞ்சின் ஒன்னு இருக்கு. சி56 வகை, 31-ஆம் நம்பர். 1979-ல அதைத் தாய்லாந்துலேருந்து திருப்பிக் கொண்டு போய், தோக்கியோவுல யாசுகுனி கோயிலை ஒட்டின காட்சிசாலையில வச்சிருக்காங்க. இஞ்சினுக்கு நம்பர் இருக்கு, துடைச்சுப் பளபளன்னு நிக்குது. பாதை போட்ட எங்க தாத்தாவோட தம்பி பேரு எந்த ஏட்டுலயும் இல்ல. எங்க வீட்டுலயே அவர் பேர் தெரிஞ்ச கடைசி ஆள் எங்கப்பாதான்.

இரும்பு மேல கோபம் இல்ல. அதுக்கு எழுதி வைக்க ஆள் இருந்துச்சு, அவ்வளவுதான்.

நல்ல உதாரணமும் நம்மகிட்டயே இருக்கு. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன்ல ரயில்வேயில வேலை செஞ்ச நம்ம ஆளுங்க 1932-ல தண்டவாளத்தோரமா முனீஸ்வரரை வச்சுக் கும்பிட ஆரம்பிச்சாங்க. 2011 ஜூன் 30-ஆம் தேதி ராத்திரி தஞ்சோங் பாகார்லேருந்து கடைசி ரயில் கிளம்புச்சு. ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனாரு. அப்புறம் தண்டவாளத்தைப் பேர்த்துட்டாங்க. ரயில் போச்சு, ஆனா முனீஸ்வரர் கோயில் பெரிய கோயிலா நிக்குது. அதை ஆரம்பிச்சது ரயில்வே தொழிலாளிங்கன்னு இன்னைக்கும் சொல்றாங்க. யாரோ விடாம சொல்லிக்கிட்டே வந்ததாலதான் அது நிலைச்சுது.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல ரயில்வேயில, தோட்டத்துல, ரப்பர் ஆலையில வேலை செஞ்ச பெரியவங்க படம் இருந்தா, ஆயுத பூசை அன்னைக்குக் கோயிலுக்கு எடுத்துட்டு வாங்க. வேலை அட்டை, பால் வெட்டுற கத்தி, கேங் விசில், எதுவானாலும் சரி. கத்தி, சுத்தியலோட சேர்த்து அம்மன் முன்னால வச்சு எடுப்போம். நம்ம தம்பி கேமராவோட மண்டபத்துல உட்கார்ந்திருப்பான். படத்தைப் பிரதி எடுத்துட்டு அப்பவே கையில கொடுத்துடுவான். பேரு, ஊரு, செஞ்ச வேலை, தெரிஞ்ச வருசம், இந்த நாலையும் ஒரு நோட்டுல எழுதுவோம். வயசானவங்களால வர முடியலன்னா சொல்லுங்க, வீட்டுக்கே வர்றோம்.

படம் இல்லாட்டியும் பரவாயில்ல, பேரு போதும். முதல் பக்கத்துல எங்க சின்ன தாத்தா பேரை நான் எழுதிட்டேன். அடுத்த வரி உங்களுக்கு.