திரையைச் சார்ஜ் எடுப்பதும் ஒப்படைப்பதும்

அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு சார்ஜ் எடுப்பது, சார்ஜ் ஒப்படைப்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பீரோ சாவி எத்தனை, ஸ்டாம்பு கணக்கில் மீதி என்ன, முடியாத கோப்புகள் எவை என்று பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் ஒருவர் நாற்காலியை விட்டு எழலாம். கம்ப்யூட்டர் திரைக்கும் இதே மாதிரி ஒரு முறை உண்டு. ரிடயர் ஆன பிறகு, பொழுது போக லினக்ஸில் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிப் பழகியபோதுதான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது.

நான் சொல்வது படம், மவுஸ் எதுவும் இல்லாத, எழுத்து மட்டும் ஓடும் திரை. அந்தக் காலத்தில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை ஏ.சி. அறையில் வைத்து, ஒயர் இழுத்து, ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு டெர்மினல் வைத்திருப்பார்கள். அதற்கென்று பெரிய வேலை கிடையாது. நாம் தட்டுவதை உள்ளே அனுப்பும், உள்ளிருந்து வருவதைக் காட்டும். 1978-இல் டெக் கம்பெனி கொண்டுவந்த விடி100 என்ற டெர்மினலைப் பார்த்துத்தான் பின்னால் பலரும் செய்தார்கள். வரிக்கு 80 எழுத்து, 24 வரி. ஆக ஒரு திரைக்கு 1920 எழுத்து.

அந்த ஒயரில் எழுத்து போகும் வேகம் மிகக் குறைவு. 300 பாட் என்றால் நொடிக்கு சுமார் 30 எழுத்துதான். திரை முழுவதும் ஒருமுறை எழுதி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு எண்ணைத் திருத்துவதற்காக முழுத் திரையையும் திரும்ப எழுதினால் வேலை நடக்குமா?

இதற்கு வழி செய்தவர் கென் அர்னால்ட். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980 வாக்கில் ‘கர்சஸ்’ என்ற தொகுப்பை எழுதினார். திரையில் இப்போது இருப்பது ஒரு நகல், இருக்க வேண்டியது இன்னொரு நகல் என்று இரண்டையும் அது வைத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்த்து, மாறிய இடத்துக்கு மட்டும் கர்சரை நகர்த்தி எழுதும். கர்சர் நகர்வைச் சிக்கனப்படுத்துவதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அதற்குச் சாபங்கள் என்றும் அர்த்தம் வரும். பிரெஞ்சில் படித்த எனக்கு ‘கூரீர்’, அதாவது ஓடு, என்ற சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. கர்சரும் அந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

இனி சார்ஜ் விஷயம். புரோகிராம் தொடங்கியதும் ‘இனிட்-ஸ்க்ரீன்’ என்று ஒரு கட்டளை. டெர்மினல் எந்த வகை, எத்தனை வரி என்று பார்த்து, அதுவரை டெர்மினல் எந்த நிலையில் இருந்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். அதுதான் சார்ஜ் லிஸ்ட். பிறகு புரோகிராம் தன் வசதிக்கு மாற்றங்கள் செய்யும். தட்டும் எழுத்து தானாகத் திரையில் தெரிய வேண்டாம், என்டர் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம் என்றெல்லாம் சொல்லிவிடும். வேலை முடிந்ததும் ‘எண்ட்-வின்’ என்று இன்னொரு கட்டளை. பழைய நிலை திரும்பும், கர்சர் கீழ் வரிக்கு வரும். சார்ஜ் ஒப்படைத்தாகிவிட்டது.

எண்ட்-வின் சொல்லாமல் புரோகிராம் நடுவில் செத்துப்போனால்? அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு மார்ச் 31. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்று. பணியில் இறந்துபோன ஒரு பியூனின் மனைவிக்குச் சேர வேண்டிய தொகைக்கு பில் தயாராகிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் கருவூலத்துக்குப் போகாவிட்டால் ஒதுக்கீடு லாப்ஸ். அந்த அம்மா காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு பில் போடும் புரோகிராம் பாதியில் நின்றது. எதைத் தட்டினாலும் திரையில் ஓர் எழுத்து வரவில்லை.

டெர்மினலை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். பிரயோஜனம் இல்லை. சூப்பிரண்டெண்ட், “மெயின் மிஷினையே ஆஃப் பண்ணிப் போடுங்கப்பா” என்றார். அதே மிஷினில் இன்னும் ஏழு டெர்மினல்களில் ஆட்கள் வருஷக் கடைசிக் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அணைத்திருந்தால் அத்தனை பேர் வேலையும் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். “அண்ணே, மிஷின் சாகலை. நீங்க தட்டுறது அதுக்குக் கேக்குது, உங்களுக்குத்தான் தெரியலை” என்றான். கன்ட்ரோலோடு ஜே எழுத்தை அழுத்தினான். கண்ணுக்குத் தெரியாமலே ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று தட்டினான். மறுபடி கன்ட்ரோல் ஜே. அவ்வளவுதான். அடுத்து தட்டிய எழுத்து பச்சையாகத் திரையில் வந்தது. நாலேமுக்காலுக்கு பில் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று அது மந்திரம் மாதிரி இருந்தது. இப்போது காரணம் தெரிகிறது. எழுத்து தெரிய வேண்டாம் என்ற குறிப்பு மேஜைமேல் இருந்த பெட்டியில் இல்லை. ஏ.சி. அறையில் இருந்த கம்ப்யூட்டர்தான் அந்த ஒயருக்கென்று அதை வைத்திருந்தது. அதனால்தான் டெர்மினலை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை. அந்த நிலையில் என்டர் பொத்தான் அனுப்பும் குறியை யூனிக்ஸ் வரி முடிவாக ஏற்காமல் போகலாம். கன்ட்ரோல் ஜே நேராக வரி முடிவையே அனுப்பும். ‘சேன்’ என்றால் புத்தி தெளிந்த நிலை. பிரெஞ்சில் ‘சேன் தெஸ்ப்ரி’ என்பார்களே, அதேதான்.

பில் புரோகிராம் எழுதியவர் எங்கேயோ இருந்தார். அவர் திரையைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யாததன் பலனை அனுபவித்தது, கம்ப்யூட்டரையே பார்த்திராத பெஞ்சுமேல் இருந்த அம்மா. ஆபீசிலும் இதுதானே நடக்கும்? சார்ஜ் கொடுக்காமல் மாற்றலாகிப் போனவருக்கு ஒன்றும் ஆகாது. பீரோ சாவியைக் காணோம் என்று ஜனங்கள்தான் அலைய வேண்டும்.

இன்றைக்கு இதற்கெல்லாம் பாதுகாப்பு வந்துவிட்டது. கர்சஸுக்குப் பின்னால் வந்த ‘என்-கர்சஸ்’, நாம் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினாலும் பெரும்பாலும் திரையைச் சரிசெய்துவிட்டுத்தான் போகும். பைத்தான் மொழியில் ‘ராப்பர்’ என்று ஒன்று இருக்கிறது. நம் வேலையை அதனிடம் கொடுத்துவிட்டால், நடுவில் பிழை வந்தாலும் திரையை அதுவே ஒப்படைத்துவிடும். ஆனால் ‘கில் மைனஸ் நைன்’ என்று வெளியிலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், எந்தப் புரோகிராமுக்கும் கடைசி வார்த்தை சொல்ல அவகாசம் கிடையாது.

வீட்டு மருந்துக் கணக்குக்கு நான் எழுதிய சின்னப் புரோகிராமில், இனிட்-ஸ்க்ரீன் எழுதிய கையோடு எண்ட்-வின்னையும் எழுதிவிட்டு, பிறகுதான் நடுவில் உள்ளதை எழுத ஆரம்பித்தேன். பேரனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உங்களில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரை ஊமையாகிவிட்டாலோ, வரிகள் படிக்கட்டு மாதிரி சரிந்து வந்தாலோ, பிளக்கைப் பிடுங்க வேண்டாம். கன்ட்ரோல் ஜே, எஸ்டிடிஒய், ஒரு இடைவெளி விட்டு சேன், மறுபடி கன்ட்ரோல் ஜே. அதற்கும் மசியாவிட்டால் ‘ரீசெட்’ என்று அதே முறையில் தட்டுங்கள். தட்டுவது தெரியாது, பரவாயில்லை. அதற்குக் கேட்கும்.