அக்கராயனில் ஒரு பழைய வண்டி

யாழ்ப்பாணத்து வீதியோரத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தவர், எம்மவர் மோட்டார் வண்டிகளைப் பாட்டியார் விட்டுப்போன பித்தளைக் குத்துவிளக்கைப்போலப் பேணுவதை அறிவர். பிறநாடுகளிற் காட்சிச்சாலைக்குப் போய்விட்ட ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இங்கே இன்றும் கலியாணத்துக்கும் சந்தைக்கும் போய்வருகின்றன. ஆனால் நாம் இங்கு எழுதப்புகுந்தது அத்தகைய கௌரவமான வண்டியொன்றைப் பற்றியன்று. சேற்றிலும் புழுதியிலும் உழைத்து, பின்பு பதினைந்து ஆண்டுகள் ஒரு பாலைமரத்தடியிற் கிடந்த லான்ட் றோவர் ஒன்றைப் பற்றியே எழுதுகின்றோம். அதனைப் பார்க்கவென்று சென்ற நாம், ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் வாரந்தோறும் அக்கராயனுக்குப் போய்வர நேர்ந்தது.

அக்கராயன்குளம் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து முதற் பஸ்ஸில் ஏறினால் சாவகச்சேரியில் விடியும். பளையிற் பனைகளின் தலையில் வெயில் ஏறும். ஆனையிறவில் இருபுறமும் கடல்நீர் வெள்ளித்தகடுபோலக் கிடக்கும். பரந்தனைக் கடந்து கிளிநொச்சியில் வேறொரு வண்டி ஏறவேண்டும். அது முறிகண்டிச் சந்தியில் மேற்கே திரும்பும். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தாமலும் கச்சான் வாங்காமலும் அவ்வழியே போகும் சாரதியை நாம் இன்னும் காணவில்லை. அப்பால் காடும் வயலும் மாறிமாறி வர, குளக்கட்டு கண்ணுக்குத் தெரியும்.

அங்கே எமது அம்மானுக்குப் பன்னிரண்டு ஏக்கர் வயலும் ஒரு தோட்டமும் உண்டு. 1970ஆம் ஆண்டுக்குப்பின் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடபகுதிக் கமக்காரர் கையிற் பணம் புழங்கியது முதியோருக்கு நினைவிருக்கும். அந்த மிளகாய்க் காசில், 1974ஆம் ஆண்டு, அரச திணைக்களமொன்று ஏலத்தில் விட்ட இவ்வண்டியை அம்மான் வாங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதன்பின் அவ்வூரில் அதில் ஏறாத பிரசவகாரி இல்லை என்று மாமி சொல்லுவார். எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கன்று, ஆயினும் முழுப்பொய்யுமன்று.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறும் சுவையானது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் றோவர் கம்பனியின் பிரதம பொறியியலாளரான மோறிஸ் வில்க்ஸ் என்பார், வேல்சிலுள்ள அங்கிள்சீ தீவிலிருந்த தமது பண்ணையில் ஓர் அமெரிக்கப் போர்க்கால ஜீப்பை வைத்திருந்தார். அது பழையதானபோது, அதுபோன்றதொன்றை ஏன் நாமே செய்யலாகாது என்னும் எண்ணம் 1947இல் அவருக்கு உதித்தது. 1948 ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதல் லான்ட் றோவர் மக்கள் முன் வந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு. ஆகாயவிமானத் தொழிலில் அலுமினியமோ தாராளம். ஆதலால் அடிச்சட்டகத்தை உருக்கிலும், மேலுடலை அலுமினியக் கலப்புலோகத்திலும் செய்தனர். அன்றைய வறுமை தந்த இந்த ஏற்பாடே வண்டியின் நீண்ட ஆயுளுக்குக் காரணமாயிற்று. அவ்வம்சத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரியிலேதான் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அம்மானுடையது 1960களிற் செய்யப்பட்ட இரண்டு-ஏ வரிசை. சில்லுகளுக்கிடையே 88 அங்குலம். 2286 கனசென்ரிமீற்றர் கொண்ட நான்கு உருளைப் பெற்றோல் யந்திரம்.

பெற்றோல் யந்திரம் என்றோம். 1990களில் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடையிருந்தபொழுது அது மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த யந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. அதனால் ஒரு சிறு போத்தலிற் பெற்றோலை மருந்துபோலக் காப்பாற்றி, சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி யந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எனவே எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்ற எண்ணெயும் இல்லாத காலம் அது. அவ்வளவையும் தாங்கிய யந்திரம்!

2008ஆம் ஆண்டு ஊரே இடம்பெயர்ந்தது. வண்டியின் கிளச் தேய்ந்திருந்தமையால் நெடுந்தூரம் செல்லாது என்று கண்ட அம்மான், குடும்பத்தை உழவு யந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டு, வண்டியின் மின்பகிர்வானுள் இருக்கும் கட்டைவிரலளவான றோட்டரைக் கழற்றி மடியிற் கட்டிக்கொண்டார். அஃதின்றி எவரும் வண்டியை இயக்க முடியாது. முள்ளிவாய்க்கால்வரை சென்று, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010இல் அவர்கள் மீண்டபோது வண்டி நின்றது. கூரை இல்லை, கதவுகளில் ஒன்று இல்லை, ரயர்கள் இல்லை. இடப்பக்கத்தில் ஷெல் துண்டுகள் துளைத்த ஒன்பது ஓட்டைகள். றோட்டர்மட்டும் விபூதிப் பேணிக்குள் பத்திரமாக இருந்தது. காணி உறுதியோடு சுற்றிவைத்த வண்டியின் பதிவுப் புத்தகமும் தப்பியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியதை வாசகர் அறிவர். 2023இல் தென்பகுதி வியாபாரி ஒருவர் வந்து, கிடந்தபடியே எட்டு இலட்சம் ரூபா தருவதாகச் சொன்னார். கனடாவிலுள்ள மைத்துனர், கொடுத்துவிடுங்கள் என்றார். அம்மானோ, வயலுக்குப் போக எனக்கு ஒரு வண்டி வேண்டும் என்று மாத்திரம் சொல்லி, எம்மைப் பார்த்தார். இரசாயனம் கற்பிக்கும் எமக்கு யந்திர ஞானம் உண்டென்பது அவர் நெடுநாளைய நம்பிக்கை.

செலவுக்கு மூன்று இலட்சம் என வரையறுத்தோம். பாதி அம்மானின் நெல். பாதி, எமது வீட்டுக் கூரை ஓட்டை மாற்றவென்று பிடித்த சீட்டுக் காசு. மழைக்கு ஒழுகினால் எல்லாரும் அந்த வண்டிக்குள் போய்ப் படுக்கலாம் என்றார் எம் இல்லாள். அவ்வண்டிக்கும் கூரை இல்லை என்பதை நாம் அவருக்குச் சொல்லவில்லை.

2023 ஆனியில் வேலை தொடங்கியது. முதலில் அடிச்சட்டகம். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒட்டுவேலைக்காரர் ஒருவர், கையிற் சுத்தியலுடன் வண்டியின் கீழே படுத்து, வைத்தியர் மார்பைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வோரங்குலமாகத் தட்டினார். நல்ல உருக்கு கணீரென்றது. துருத்தின்ற இடம் பொத்தென்றது. பின்குறுக்குச் சட்டமும், சாரதி கால்வைக்கும் தட்டும், யந்திரத்தை மறைக்கும் தடுப்பின் கீழ்மூலைகளும் போயிருந்தன. புதிய சட்டகம் வாங்க எமது முழுப்பணமும் போதாது. ஆகவே கெட்ட பகுதியை வெட்டி, நல்ல உருக்கு தெரியும்வரை தேய்த்து, புதிய தகடு ஒட்டினோம். துருவின்மேல் தகடு ஒட்டுவது மலிவு. ஆனால் அது புண்ணை ஆற்றாமல் துணி சுற்றுவது. ஒட்டுமுன் பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொந்தமாக முயல விரும்பும் இளைஞர் மனத்திற்கொள்க. ஆசனத்தின் கீழேதான் தாங்கி இருக்கிறது.

யந்திரம் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளினூடாக டீசலும் யந்திர எண்ணெயும் கலந்து ஊற்றி விட்டு வந்தோம். மறுவாரம் கைப்பிடியை மாட்டிச் சுற்றினோம்; அசையவில்லை. அதற்கடுத்த வாரமும் அசையவில்லை. மூன்றாம் வாரம் அம்மான் தாமே கைப்பிடியைப் பிடித்து, பலங்கொண்டு சுற்றாமல் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார். அரை அங்குலம் நகர்ந்தது. நாம் கைதட்டிவிட்டோம். கிளச் தட்டும் பிறேக்குக்கான இறப்பர் உறுப்புகளும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைவீதியில் அகப்பட்டன. பல்லாண்டுகள் ஒரே உறுப்பைச் செய்துவந்த வண்டியாதலின் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பிறேக்கிலே மட்டும் நாம் சிக்கனம் பார்க்கவில்லை. ரயர்கள் பழையனவே, கதவு, வேறொரு வண்டியின் எலும்புக்கூட்டிலிருந்து வந்தது.

இனி வர்ணம் பூசிய கதை. இதிலேதான் எமக்குத் தலைகுனிவு நேர்ந்தது. புரட்டாதியில், மழைக்குமுன் கண்ணுக்கு ஏதாவது தெரியட்டும் என்ற அவசரத்தில், அந்தக் கதவைப் பளபளவென்று அலுமினியம் தெரியும்வரை தேய்த்து, வீட்டு யன்னலுக்குப் பூசும் எனாமலை நேரே பூசினோம். அழகாகத்தான் இருந்தது. தையிற் சென்று பார்க்க, பாம்புச் சட்டைபோல உரிந்து தொங்கியது. அம்மான் ஒன்றும் சொல்லவில்லை. எம்முடன் வந்திருந்த மாணவர் இருவரில் ஒருவர், "சேர், அலுமினியம் காற்றுப் பட்டவுடனே ஒட்சைட்டுப் படலம் உண்டாகும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?" என்று மிகுந்த பணிவோடு கேட்டார். அப்படலத்தில் எனாமல் உறுதியாகப் பற்றாது. கரும்பலகையிற் பலமுறை எழுதிய பாடத்தை ஒரு கதவின் முன்னே மறந்துவிட்டோம்.

மறுபடி முறையாகத் தொடங்கினோம். பழைய வர்ணத்தை நீர்விட்டு நனைத்தே அரத்தாளால் தேய்த்தோம். அக்காலத்து வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்த தூள் மூச்சிற் போகலாகாது. தேய்க்கத் தேய்க்க அம்மானின் நீலத்தின் கீழே திணைக்களத்துச் சாம்பல்நிறமும், அதன் கீழே தொழிற்சாலைக் கரும்பச்சையும் வந்தன. ஆசனப் பெட்டியின் உட்புறத்தில், வெயிலே படாத ஓரிடத்திற் பச்சை புத்தம்புதிதாக இருந்தது. அந்தத் துண்டைக் காட்டியே யாழ்ப்பாணத்துக் கடையில் நிறம் கலக்கச் செய்தோம்.

அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் வெண்பொடி பூத்திருந்தது. ஈரம் சேர்ந்தால் இவ்விரு உலோகங்களும் ஒரு மின்கலம்போலாகி, அலுமினியமே அரிபடும். எனவே ஓட்டைகளுக்கு அலுமினியத் தகட்டை, அலுமினியத் தறையாணிகளாலேயே பொருத்த எண்ணினோம். அப்பொழுது எம் மனத்தில் ஒரு யோசனை. ஒன்பதில் ஒன்றையாவது மூடாமல் விட்டால் என்ன? நடந்ததற்கு அது ஒரு சாட்சியாகுமே என்று அம்மானிடம் சொன்னோம். அவர் விரலை அவ்வோட்டையில் நுழைத்துப் பார்த்தார்.

"மழை பெய்தால் உள்ளுக்குத் தண்ணி வரும், தம்பி. மூடிவிடு," என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கு ஞாபகப்படுத்த ஓட்டை வேண்டாம்" என்றார்.

ஒன்பதையும் மூடினோம்.

அலுமினியத்தைச் சிறிது அரித்துப் பற்றிக்கொள்ளும் அமிலங் கலந்த முதற்பூச்சு ஒன்றுண்டு. கடைக்காரர் 'எட்ச் பிறைமர்' என்பர். அதனை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் சாதாரண அடிப்பூச்சு, அதன்மேல் எனாமல். விசிறிப் பூசும் இருகலவை வர்ணம் அழகுதான். ஆனால் அதன் கடினமாக்கியின் ஆவி நுரையீரலுக்கு நஞ்சு. உரிய முகமூடியும் அறையும் இல்லாத பாலைமரத்தடியில் அதற்கு இடமில்லை. நாம் பஞ்சு உருளையும் நல்ல தூரிகையும் கொண்டே பூசினோம். பங்குனியில் வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத நாட்களைத் தெரிந்தோம். தென்னோலைப் பந்தலிட்டு, நிலத்துக்கு நீர் தெளித்துப் புழுதியடக்கி, காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் மட்டும் பூசினோம். வெயில் ஏறினால் தூரிகைத் தடம் மறையுமுன் வர்ணம் காய்ந்துவிடும். மூன்று பூச்சு, இடையிடையே நீர்த்தேய்ப்பு. கிட்டப் பார்ப்பவர் கோடுகளைக் காண்பர். பத்தடி தள்ளி நிற்பவருக்கு வண்டி அழகியது. கூரைக்கு இரும்புக் குழாயில் வளைவு செய்து கன்வஸ் போர்த்தோம்.

கணக்கு மூன்று இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்தில் முடிந்தது. எம் வீட்டு ஓடு இன்னும் மாற்றப்படவில்லை.

2024 வைகாசியில் ஒரு நாட்காலை அம்மான் விபூதிப் பேணியைத் திறந்து றோட்டரை எடுத்துப் பொருத்தினார். யந்திரம் இருமுறை இருமி, கரும்புகை கக்கி, பின்பு சீராக ஓடியது. மாமி தேசிக்காய்களைச் சில்லுகளின் கீழே வைத்தார். குளக்கட்டின் அடிவீதி வழியே அம்மான் மெதுவாகச் செலுத்த, நாமும் மாணவர் இருவரும் பின்னே அமர்ந்து சென்றோம். சிறுபோக நாற்று இளம்பச்சையாக நின்றது. வழியில் கண்ட ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி, ஒன்றும் பேசாது வண்டியைக் கண்ணெடுக்காமற் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனாமல் நன்றாக இறுகச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பாரம் ஏற்றவேண்டாம் என்று அம்மானிடம் பலமுறை சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினோம். அடுத்த சனிக்கிழமை நாம் போனபொழுது வண்டி வயற்கரையில் நின்றது. பின்பெட்டியில் எட்டு யூரியா மூடைகள். பின்பலகையில் ஒரு சாண் நீளத்தில் மூன்று கீறல்கள்.

"வர்ணம் கொஞ்சம் மிச்சமிருக்குதுதானே, தம்பி?" என்றார் அம்மான்.