சொல்லும் நஞ்சும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கருநீலக் கோடுபோல் எழுந்து நிற்பது கல்வராயன் மலை. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் அங்குச் சாமையும் தினையும் விளைப்பர். கடுக்காய் பொறுக்கிச் சந்தைக்குக் கொணர்வர். அம்மலையின் ஓடைக்கரைகளில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவோரும் உளர். காவலர் சென்று அவ்வூறலைக் கொட்டி அழிப்பதும் அடிக்கடி நிகழ்வதே. எனினும் 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கருணாபுரம், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் முதலிய இடங்களில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மலையில் வடித்த சாராயம் அன்று. ஆலைத் தொழிலுக்குரிய மெத்தனால் கலந்த நீர்.

அதன் பின்னர், நஞ்சியல் பயிலும் ஆராய்ச்சி மாணவர் சிலர் கூடித் தத்தம் ஆய்வுகளை எடுத்துரைக்கும் அவையொன்றிற்கு என்னை அழைத்தனர். ஊர் மக்களுக்கு எச்சரிக்கைத் துண்டறிக்கை எழுதச் சொல் தேடித் தருவார் ஒருவர் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. ஒருவர் இராணிப்பேட்டை நிலத்தடி நீரில் கலந்த குரோமியத்தைப் பற்றிப் பேசினார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட நாட்டில் குரோமிய உப்பு வந்த வரலாறு அது. வேறு சிலர் காட்டிய எண்களும் கோடுகளும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதாக நான் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மெத்தனாலைப் பற்றிப் பேசிய மாணவி கூறியது நன்கு விளங்கிற்று. மெத்தனால் தன்னளவில் பெருங்கேடு செய்வதன்று. கல்லீரலிலுள்ள நொதி அதனை முதலில் பார்மால்டிகைடாகவும், பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றது. அவ்வமிலமே குருதியைப் புளிக்கச் செய்து பார்வை நரம்பைத் தாக்குவது. இம்மாற்றம் நிகழப் பல மணி நேரம், சிலர்க்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதுவரை குடித்தவன் நலமாகவே உலவுவான். மறுநாள் வயிறு வலித்துத் தலை சுற்றும்போதும், நேற்றைய போதை தெளியவில்லை என்றெண்ணிப் படுத்துக்கொள்வான். கருணாபுரத்தில் முதலில் இறந்தவர் வீட்டுத் துக்கத்திற்கு வந்தோரும் அதே சாராயத்தைக் குடித்தனர் என்று அந்நாளில் செய்தித்தாள்கள் எழுதின. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூதை வைத்த முறை அப்போது என் நினைவிற்கு வந்தது.

"பார்மிக் என்பதற்குப் பொருள் யாது, அம்மா?" என்று வினவினேன். எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது என்றும், 1671-இல் ஜான் ரே என்னும் ஆங்கிலேயர் எறும்புகளை வாலையிலிட்டு வடித்து அதனைக் கண்டதை வெளியிட்டார் என்றும் விடை வந்தது. அங்ஙனமாயின் எறும்பமிலம் என்போம் என்றேன். முசுறு கடித்த எரிச்சலை அறியாத சிறுவன் அம்மலையில் உண்டோ? அவையினர் மகிழ்ந்தனர்.

முறிவு மருந்தைக் கூறியபோதுதான் வாதம் எழுந்தது. அந்நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே முந்திப் பற்றும். ஆதலின் மருத்துவர் அளந்து எத்தனாலையோ, பொமெபிசோல் என்னும் மருந்தையோ செலுத்தி, நொதியைத் தடுத்துவிட்டு, டயாலிசிஸ் முறையால் நஞ்சை வெளியேற்றுவர். இதனைத் துண்டறிக்கையில் எழுதலாமா? "சாராயத்துக்குச் சாராயமே மருந்து என்று கொண்டுவிடுவார்கள், ஐயா" என்றார் ஒருவர். அஃது எனக்கும் சரியெனப் பட்டது. அப்பகுதி நீக்கப்பட்டது.

அறிக்கையின் தலைப்பில் 'கள்ளச்சாராயம்' என்றிருந்தது. நான் அதனை ஒப்பவில்லை. 'கள்ள' என்னும் அடை சட்டத்தை மீறியதைக் காட்டுமேயன்றி நஞ்சைக் காட்டாது. அச்சொல்லைக் கேட்டவன் தான் குடித்ததை மறைப்பான். மறைத்தவன் மருத்துவமனைக்குப் பிந்துவான். 'பார்வைக் குறைபாடு' என்றிருந்ததையும் 'கண் மங்கினால்' என்று மாற்றினேன். 'உம்மை எவரும் பிடிக்கமாட்டார்' என்றொரு தொடரைச் சேர்க்க விரும்பினார் ஓர் இளைஞர். நல்ல தொடர்தான், ஆயினும் அவ்வுறுதியைக் கூறும் உரிமை அவையில் எவர்க்கும் இல்லை. நெடுநேரம் பேசிய பின் அதனை அடித்தனர். "குடித்த மறுநாள் வயிறு வலித்தாலோ கண் மங்கினாலோ படுக்காதே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, குடித்ததைச் சொல்" என்பது எஞ்சியது. அதன்கீழ் 108 என்னும் எண்ணைப் பெரிதாக இட்டு அச்சுக்கு அனுப்பினர்.