சிட்சை என்னும் சொல்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ‘திக்தே’ என்றால் இன்றும் கொஞ்சம் நடுக்கம்தான். ஆசிரியர் ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். எழுத்தின் தலையில் போடும் சிறு கோடு விட்டுப்போனாலும் பிழைதான். 20-க்கு எத்தனை என்று சிவப்பு மையில் போட்டு நோட்டு திரும்பி வரும். பிழையான சொல் ஒவ்வொன்றையும் சரியாகத் திருப்பி எழுத வேண்டும். சிவப்பு மையைத் தண்டனை என்று நினைத்த பையன்கள் நோட்டை மூடி வைத்தார்கள். பாடம் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிரெஞ்சு வந்தது.

பிரெஞ்சில் சீடனுக்கு ‘திசீப்ள்’ என்றும், கட்டுப்பாட்டுக்கு ‘திசிப்லீன்’ என்றும் பெயர். இரண்டும் கற்பதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. நம் தமிழிலும் ‘சிட்சை’ என்ற பழைய சொல்லுக்குக் கல்வி என்றும் பொருள், தண்டனை என்றும் பொருள். எபிரேயர் திருமுகம் 12-ஆம் அதிகாரம் இதைத்தான் பேசுகிறது. தகப்பன் தன் சொந்தப் பிள்ளையைத்தான் திருத்துவான். திருத்தும்போது வலிக்கும், பலன் பிறகு தெரியும் என்பது அதன் சாரம்.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் திருத்தம் மேலிருந்து கீழேதான் வரும். குமாஸ்தா எழுதிய வரைவைக் கண்காணிப்பாளர் திருத்துவார், அதை அதிகாரி திருத்துவார். அதிகாரியின் குறிப்பைக் குமாஸ்தா திருத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. விசுவாச வாழ்க்கையில் அப்படி இல்லை.

சிறு வயதில் நாங்கள் இராயப்பர், சின்னப்பர் என்று சொல்வோம். இன்று பேதுரு, பவுல் என்கிறார்கள். இராயப்பர் இயேசுவோடு கூடவே நடந்தவர், சீடர்களில் முதல்வர். சின்னப்பரோ முன்பு திருச்சபையைத் துன்புறுத்தியவர், பின்னால் வந்து சேர்ந்தவர். அந்தியோக்கியாவில் இராயப்பர் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சில யூதர்கள் வந்ததும், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஒதுங்கிக்கொண்டார். சின்னப்பர் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். கலாத்தியர் திருமுகம் 2-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. இராயப்பர் என்ன பதில் சொன்னார் என்று அங்கே எழுதவில்லை. ஆனால் அவர் பெயரால் உள்ள இரண்டாம் திருமுகம், சின்னப்பரை அன்புச் சகோதரர் என்றே குறிப்பிடுகிறது. இருவருக்கும் ஜூன் 29 அன்று ஒரே நாளில் திருவிழா.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அன்றைய சிக்கல். நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. என் நண்பர் ஒருவர், காலமாகிவிட்டார், பங்கின் அன்பியக் கூட்டத்துக்குத் தவறாமல் போவார். மாதம் ஒரு வீட்டில் கூட்டம் நடக்கும், ஜெபம் முடிந்ததும் காபி வரும். சில வீடுகளில் மட்டும் “எனக்குச் சர்க்கரை வியாதி” என்று சொல்லி வேண்டாம் என்பார். ஒரு நாள் அப்படிப்பட்ட வீட்டில், கல்லூரியில் படிக்கும் பெண் வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னாளாம்: “தாத்தா, எங்க வீட்டிலயும் சர்க்கரை போடாம காபி போடுவோம்.”

இதை அவரே என்னிடம் சொன்னார். “ராத்திரி முழுக்கக் கோபம். என் பேத்தி வயசு, எனக்குப் புத்தி சொல்லுதேன்னு. விடிஞ்சப்போதான், அது சொன்னதுல ஒரு வார்த்தையாவது பொய்யான்னு யோசிச்சேன்.” பிறகு அதே வீட்டில் கூட்டம் நடந்தபோது முதல் ஆளாகப் போய், “ஒரு டம்ளர் காபி கொடும்மா, சர்க்கரை வேணாம்” என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் இறந்த அன்று அந்தக் குடும்பமே இரவு முழுக்கச் சவத்தருகே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னது.

அந்தப் பெண் சபையில் வைத்து அவரை அவமானப்படுத்தவில்லை. குறையை முதலில் தனியே சொல் என்று மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய வழி அது. சிட்சை என்று சொல்லிப் பிள்ளையை அடித்து நொறுக்குவதும், பலர் நடுவே தலைகுனிய வைப்பதும் வேறு. அதில் கோபம் இருக்கும், பாடம் இருக்காது.

நண்பர்களே, நம் வயதில் ஒரு ஆபத்து உண்டு. பெற்றோர் இல்லை, ஆசிரியர் இல்லை, மேலதிகாரி இல்லை. பிள்ளைகள் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிறார்கள். திருத்த ஆளில்லாமல் போவதை நாம் நம்முடைய நேர்மை என்று நினைத்துக்கொள்கிறோம். மருமகளோ, பேரனோ, புதிதாக வந்த இளம் சாமியாரோ துணிந்து ஒரு வார்த்தை சொன்னால், அதைச் சொல்ல அவர்கள் எத்தனை நாள் தயங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

60 வயதைத் தொட்டவர்களுக்குத் தவக்கால ஒருசந்தி கடமையில்லை என்பது திருச்சபைச் சட்டம். திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு அப்படி ஓய்வு வயது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.